வராததன் வேடம்

ஒரு பொருளின் தோற்றத்தை மட்டும் எடுத்து இன்னொன்றின்மீது ஏற்றினால் அந்த இரண்டாவது பொருளில் உண்மையாகவே ஏதேனும் மாறுகிறதா என்பது தத்துவத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்ததற்கும் 2007 ஜனவரியில் விஸ்டா விற்பனைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இவ்வினா புதியதொரு வடிவம் பெற்றது. இயங்குதளம் என்பது கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் செயலிகளையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள். எக்ஸ்பி என்னும் இயங்குதளத்தைப் பயன்படுத்திய பலர், லாங்ஹார்ன் என்ற குறிப்பெயரோடு உருவாகிக்கொண்டிருந்த, பின்னர் விஸ்டாவாக வந்த அடுத்த தளத்தின் சாயலைத் தம் முகப்புத்திரையில் முன்கூட்டியே அமைத்துக்கொண்டனர். இருப்பதைப் போலச் செய்வது எளிதில் விளங்குகிறது. இன்னும் வராததைப் போலச் செய்பவர் எதைப் போலச் செய்கிறார் என்பதே ஆராயத்தக்கது.

சாளரங்களுக்கும் பொத்தான்களுக்கும் வண்ணமும் வடிவமும் தரும் கோப்புத் தொகுதி தீம் எனப்படும். மைக்ரோசாஃப்ட்டின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத தீமை எக்ஸ்பி ஏற்காது; ஆகவே அந்தச் சோதனையைச் செய்யும் கோப்பையே முதலில் திருத்த வேண்டியிருந்தது. ஐகான்களைத் தாங்கிய அமைப்புக் கோப்பை மாற்றினாலோ, அத்தகைய கோப்புகளைக் காக்கும் ஏற்பாடு தன் சேமிப்பிலிருந்து பழைய படியை எடுத்து மீண்டும் அதே இடத்தில் வைத்துவிடும். இத்தடைகளைக் கடந்தவர்க்கும் விஸ்டாவின் கண்ணாடி போன்ற சாளர விளிம்பு எட்டாமல் நின்றது. புதிய தளத்தில் ஒவ்வொரு சாளரமும் நினைவகத்தில் தனியே வரையப்பட்டு, பின்னர் வரைகலை அட்டையின் துணையால் ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கப்படுவதால், கீழே உள்ளது மேலுள்ளதன் விளிம்பினூடே மங்கலாகத் தெரியும். சாளரங்களை நேரே திரையில் வரைந்த எக்ஸ்பியில், தீம் தரக்கூடியது கண்ணாடியின் ஓவியம் மட்டுமே.

சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கும் சற்காரியவாதம், அதாவது காரியம் தோன்றுமுன்பே காரணத்தில் நுண்மையாக உள்ளது என்னும் கொள்கை, இந்த எல்லையை நன்கு விளக்குகிறது. எள்ளில் எண்ணெய் இருப்பதால் அது வெளிப்படுகிறது. மணலை எவ்வளவு ஆட்டினாலும் எண்ணெய் வராது. ஒளி ஊடுருவும் விளிம்பு விஸ்டாவின் உள்ளமைப்பிலிருந்து எழுந்த காரியம். அக்காரணம் இல்லாத இடத்தில் அதன் நிறத்தைப் பூசலாமே தவிர அதைத் தோற்றுவிக்க இயலாது.

எனினும் இத்துடன் வினா தீர்ந்துவிடவில்லை. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், கட்டிலின் கருத்துரு, தச்சர் செய்த கட்டில், ஓவியர் தீட்டிய கட்டில் என மூன்று படிகளைக் காட்டி, ஓவியம் உண்மையிலிருந்து மிகவும் விலகியது என்றார். லாங்ஹார்ன் வேடத்திலோ நடுப்படியே இல்லை. 2003 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிரலாளர்களுக்குக் காட்டப்பட்ட அந்தத் தளத்தின் பணி 2004இல் வேறோர் அடித்தளத்திலிருந்து மீண்டும் தொடங்கப்பட்டது. கோப்புகளை அவற்றின் உறவுகளைக்கொண்டு தேட உதவும் எனச் சொல்லப்பட்ட வின்எஃப்எஸ் என்னும் சேமிப்பு முறை கைவிடப்பட்டது. ஆகவே முந்தைய படங்களைப் பார்த்து முகப்புத்திரையை அமைத்தவர்கள், காட்டப்பட்ட வடிவில் ஒருபோதும் வராத ஒன்றையே போலச் செய்திருந்தனர். உள்ளதை மட்டுமன்றி, இருக்க வேண்டியதையும் கலைஞர் போலச் செய்யலாம் என்ற அரிஸ்டாட்டிலின் விளக்கமே இங்குப் பொருந்துகிறது. அவர்கள் போலச் செய்தது ஒரு பொருளை அன்று, ஓர் எதிர்பார்ப்பை.

எதிர்பார்ப்பின் வேடம் மதிப்புடையதா என்பதற்குப் பெரியபுராணத்தின் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு வழிகாட்டுகிறது. சிவனடியார் கோலத்தில் வந்த பகைவன் முத்தநாதன், சுவடிக்கட்டில் மறைத்த கருவியால் குத்திய பின்னும், அக்கோலத்தையே மெய்ப்பொருளாகத் தொழுத மன்னர், அவனைத் தீங்கின்றி நகர் கடத்திவிடச் செய்தார். அங்கே வேடத்தின் பெருமை அதைப் பூண்டவனிடம் இல்லை. அது எதைச் சுட்டுகிறதோ அதை அதன்வழியே கண்டு வணங்கியவரிடம் இருந்தது. முகப்புத்திரையிலோ வேடம் பூட்டுபவரும் அதைக் காண்பவரும் ஒருவரே. முத்தநாதனாகவும் மெய்ப்பொருளாராகவும் நிற்கும் வாய்ப்பு ஒரே மனத்துக்குள் அமைந்திருக்கிறது.

பூசிய நிறத்தையே வந்துசேர்ந்த மாற்றமாகக் கொள்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். அவருக்கு வேடம் வேட்கையை அடக்கிவிடும் போலி நிறைவாகிறது. வேடத்தை வேடமென்று அறிந்தவருக்கோ, அது தம் கணினியில் இன்னும் எது இல்லை என்பதைத் துல்லியமாகக் காட்டும் கருவியாகிறது. கையொப்பச் சோதனையையும் காப்பு ஏற்பாட்டையும் கடக்க முயன்றவர், தோற்றம் எந்த உள்ளமைப்பைச் சார்ந்து நிற்கிறது என்பதைக் கைப்பட அறிகிறார். சமயச் சின்னங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: புறக்கோலம் உள்நிலையை உண்டாக்கிவிடாது, ஆனால் அந்த உள்நிலை தம்மிடம் உண்டா என்று கோலம் தரித்தவரையே நாள்தோறும் கேட்கவைக்குமானால், அது தன் பணியைச் செய்ததாகும்.