வங்கியின் சுதந்திரமும் எளியோரின் பாரமும்

பிறர் பொருளைத் தன் பொறுப்பில் ஏற்றுக் காப்பவனுக்கு, தன் சொந்தப் பொருளை ஆள்பவனுக்குள்ள சுதந்திரம் கிடையாது என்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு ஒப்புக்கொள்ளப்பட்டு வந்த தர்மம். வங்கி என்னும் ஸ்தாபனம் இந்தத் தர்மத்தின் மீதே நிற்கிறது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயைக் கொண்டுபோய்க் கட்டுகிற ஓர் ஏழைப் பெண், அந்த வங்கி யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறது, அது திரும்பி வருமா என்றெல்லாம் ஆராய்ந்து பார்த்துக் கட்டுவதில்லை, ஆராய அவளால் இயலவும் இயலாது, நம்பிக் கட்டுகிறாள். ஆகையால், வங்கிகளின் மீதிருந்த கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, மனிதர் செய்துவந்த காரியங்களை யந்திரங்கள் ஏற்றுக்கொண்டுவிட்ட இந்நாளில், இதனால் தேசத்துக்கு லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்ப்பதோடு நில்லாமல், இதனால் நேரும் தவறுகளின் பாரம் யார் தலையில் விழுகிறது, அப்படி விழுவது நியாயந்தானா என்றும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

அந்த நம்பிக்கை மோசம் போனால் என்ன விளையும் என்பதைச் சென்னை நகரம் வெகுகாலத்துக்கு முன்பே அனுபவித்து அறிந்தது. 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, ஆயிரக்கணக்கானோரின் ஆயுட்காலச் சேமிப்பு அதோடு மூழ்கியது. அக்கம்பெனியின் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது என்றாலும், அந்தத் தண்டனையால் பணத்தைப் பறிகொடுத்தவர்களின் அடுப்பு எரியவில்லை. அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கி. பிற்பாடு 1960-இல் கேரளத்துப் பாலா நகரின் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டதும், 1962 ஜனவரி முதல் தேதியிலிருந்து வைப்புத்தொகைக்குக் காப்புறுதி ஏற்பட்டது. தொடக்கத்தில் 1,500 ரூபாய்க்கு இருந்த அந்தக் காப்பு இப்போது 5 லட்சம் ரூபாய் வரையில் உயர்ந்திருக்கிறது. 1969 ஜூலை 19-ஆம் தேதி பதினான்கு பெரிய வங்கிகள் தேசியமயமாக்கப்பட்டதற்கும், ஊரார் பலரின் பணம் ஒருசில தொழிலதிபர்களுக்கே கடனாகப் போய்ச் சேருகிறது என்ற குறையே முக்கியமான காரணமாகச் சொல்லப்பட்டது. ஆக, இந்நாட்டில் வங்கிக் கட்டுப்பாடு என்பது அதிகார மோகத்தால் மட்டும் விளைந்தது அன்று. அதன் பெரும்பகுதி, சாதாரண ஜனங்கள் சிந்திய கண்ணீரின் பின்னால் எழுதப்பட்டதாகும்.

அந்தக் கட்டுப்பாட்டுக் காலம் பொற்காலமாக இருந்தது என்று சொல்வதும் சத்தியத்துக்கு விரோதமாகும். கிராமங்களுக்குக் கிளைகள் வந்தன; கடன் தொகையில் 40 சதவிகிதம் விவசாயம், சிறுதொழில் முதலிய துறைகளுக்குச் சேர வேண்டும் என்ற விதி, சாமான்ய உழவனையும் வங்கியின் படியேறச் செய்தது. ஆனால் ஒரு வரைவோலை வாங்க அரைநாள் காத்து நிற்க வேண்டியிருந்ததும், சிபாரிசு இல்லாதவனின் விண்ணப்பம் மேஜையிலேயே கிடந்ததும் அக்காலத்துக் காட்சிகளே. 1991-இல் வங்கித் துறையின் சீர்திருத்தத்தை ஆராய்ந்த நரசிம்மம் குழு தன் அறிக்கையை அளித்த சமயத்தில், சட்டப்படி ஒதுக்க வேண்டிய இருப்பு விகிதங்கள் 38.5 சதவிகிதமும் 15 சதவிகிதமுமாகச் சேர்ந்து, ஜனங்கள் கட்டிய நூறு ரூபாயில் பாதிக்கு மேல் சர்க்காரின் கடன் பத்திரங்களிலும் ரிசர்வ் வங்கியிலும் முடங்கிக் கிடக்கும் நிலை இருந்தது. எனவே கட்டுகளைத் தளர்த்த வேண்டும் என்று அக்குழு சொன்னதில் நியாயம் இருந்தது. புதிய தனியார் வங்கிகள் வந்தன, போட்டி வந்தது, வரிசைகள் குறைந்தன. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

என்றாலும், போட்டியால் எளியவன் பயனடைவான் என்ற வாக்குறுதி எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பதைச் சேமிப்புக் கணக்கின் வட்டியை வைத்தே நிதானிக்கலாம். 2011 அக்டோபர் 25-ஆம் தேதி, அதுகாறும் ரிசர்வ் வங்கி நிர்ணயித்து வந்த அந்த வட்டி விகிதம் வங்கிகளின் இஷ்டத்துக்கு விடப்பட்டது; அன்று அது 4 சதவிகிதம். நாட்டின் மிகப் பெரிய வங்கியில் அது 2017-இல் 3.5 ஆகவும், 2020-இல் 2.7 ஆகவும் இறங்கியது. மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டியான ரெப்போ விகிதமும் 2020-இல் 4 சதவிகிதத்துக்கு இறங்கியிருந்ததால், அந்தக் குறைப்பைத் தனியாக எடுத்துக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 6.5 வரையில் ஏறியபோது, அதனோடு பிணைக்கப்பட்ட வீட்டுக் கடன்களின் வட்டி கூடவே ஏறியது. அந்த வங்கியின் சேமிப்பு வட்டியோ 2.7-லேயே நின்றது. வாங்கும்போது ஒரு தராசும் கொடுக்கும்போது வேறொரு தராசும் வைத்திருக்கும் வியாபாரியை ஊர் மன்னிக்காது. சட்டம் இடங்கொடுக்கிறது என்ற ஒரு காரணத்தினால் அந்தச் செய்கை தர்மமாகிவிடாது.

இதே போன்றதுதான் குறைந்தபட்ச இருப்பு வைக்காதவர்களிடம் பிடித்தம் செய்யும் வழக்கமும். அந்தப் பெரிய வங்கி 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரையில் இந்த வகையில் மட்டும் ஏறத்தாழ 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. ஜன் தன் போன்ற அடிப்படைக் கணக்குகளுக்கு விலக்கு இருந்தது உண்மையே. 2020-இல் அந்த வங்கி இவ்வழக்கத்தைக் கைவிட்டதும் பாராட்டத்தக்கதே. ஆயினும் கையில் பணம் இல்லாமற் போனதையே ஒரு குற்றமாக்கி, அந்த இல்லாமையிலிருந்தே அபராதம் எடுப்பது என்ற எண்ணம் ஒரு வங்கிக்கு எவ்வளவு சுலபமாகத் தோன்றிவிடுகிறது என்பதை இது காட்டுகிறது.

குழுக் கடன் என்று தாய்மார்கள் சொல்லும் நுண்கடன் விஷயத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டில், கடன் கொடுத்தவரின் கவலை கடன் வாங்கியவரின் அண்டை வீட்டாருக்கு மாற்றப்படுகிறது; வசூலுக்கு வருபவர் வாசலில் உட்கார்ந்திருக்க, ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்ளும்படி ஆகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் இந்த நெருக்குதல் உயிர்களையே பறித்ததாகப் புகார்கள் எழுந்து, 2010 அக்டோபரில் அம்மாநில சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அதன்பின் வட்டிக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு 2022 மார்ச் மாதத்தில் நீக்கப்பட்டது. குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்ற நல்ல விதியும் அப்போதே வந்தது என்றாலும், மிதமிஞ்சிய வட்டி முதலிய காரணங்களால் 2024 அக்டோபரில் நான்கு நிதி நிறுவனங்கள் புதிய கடன் வழங்குவதையே ரிசர்வ் வங்கி தடுத்து நிறுத்த நேர்ந்தது. சுதந்திரம் கொடுக்கப்பட்ட இடத்தில் சுயகட்டுப்பாடு தானாக வளர்ந்துவிடுவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இனி யந்திரத்தின் விஷயம். 2016-இல் யு.பி.ஐ. வந்தது முதல், காய்கறிக் கூடைக்காரியும் இளநீர்க் கடைக்காரரும் சில்லறைக்கு அலையாமல் பணம் பெறுகிறார்கள். வெளியூரில் வேலை செய்யும் மகன் அனுப்பும் தொகை அடுத்த நிமிஷமே தாயின் கணக்கில் சேருகிறது. இடைத்தரகர் கையில் சிதறிய உதவித்தொகைகள் நேரே உரியவரை அடைகின்றன. இந்தச் சௌகரியத்தை இழிவாகப் பேசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இதே யந்திரத்தின் முன் இன்னொரு காட்சியும் நடக்கிறது. கிராமத்து வங்கிச் சேவை மையத்தில், முதியோர் உதவித்தொகை வாங்க வந்த பாட்டி, அரிவாள் பிடித்தும் நாற்று நட்டும் ரேகை தேய்ந்த கட்டை விரலைக் கருவியின் மீது வைக்கிறாள். சிவப்பு விளக்கு எரிகிறது. முந்தானையில் விரலைத் துடைத்து மறுபடி வைக்கிறாள். வேறு விரலை வைக்கிறாள். “ரேகை விழலே பாட்டி, நாளைக்கு வந்து பாருங்க” என்கிறான் மையத்துப் பையன். அவன் மீது குற்றமில்லை. பாட்டியின் மீதும் குற்றமில்லை. இருந்தும் ஒரு நாள் கூலியும் பஸ் சத்தமும் பாட்டிக்கே நஷ்டம். வாழ்நாள் முழுவதும் உழைத்ததற்கு அடையாளமான தேய்ந்த விரல், அவள்தான் அவள் என்பதை நிரூபிக்க முடியாத குறையாக மாறுகிறது. முன்பு கிளையில் அவளை முகம் பார்த்து அறிந்த ஒரு குமாஸ்தா இருந்தார். அவருடைய தயவில் சில சமயம் அநீதி நடந்தது மெய்யானாலும், அவரிடம் முறையிட முடிந்தது. சிவப்பு விளக்கிடம் முறையிட முடியாது.

மோசடியின் விஷயமும் இவ்வாறே. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, மூன்றாம் மனிதரால் கணக்கிலிருந்து பணம் களவு போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை. வாடிக்கையாளர்மீது பொறுப்புண்டு என்றால் அதை நிரூபிக்கும் கடமையும் வங்கியினுடையதே. மிக உத்தமமான விதி. ஆனால் இரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டவருக்கு, அவர் புகார் கொடுக்கும் வரையில் போன பணம் போனதுதான். அது அவருடைய அஜாக்கிரதை என்று கருதப்படுகிறது. ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், கார்டு முடங்கிவிடும், ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்’ என்று அதிகாரத் தோரணையில் ஒருவன் கேட்க, கேட்டவுடன் சொல்லிவிடும் வெள்ளை மனதை அஜாக்கிரதை என்று சொல்வது நியாயமா? கதவும் பூட்டும் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரியாத பூட்டை அவர் வீட்டில் பொருத்தியவர்கள் வேறு பேர். பழக்கமில்லாதவர் தவறக்கூடும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்தே அமைத்த ஏற்பாட்டில் நேரும் தவறுக்கு, அமைத்தவருக்கும் பங்கு உண்டு.

இதற்கு ஒரு பலமான ஆட்சேபம் எழும். வங்கி தர்ம சத்திரம் அன்று. கிளைக்கும் சிப்பந்திக்கும் செலவாகிறது. எளியோரின் நஷ்டத்தையெல்லாம் வங்கி ஏற்றால் அந்தச் செலவை மற்ற வாடிக்கையாளர்களே சுமக்க வேண்டிவரும் என்பார்கள். இது அலட்சியம் செய்யத்தக்க வாதம் அன்று. ஆனால் வங்கி மற்ற வியாபாரங்களைப் போன்றதும் அன்று. ஜனங்களின் பணத்தை வைப்பாக ஏற்கும் விசேஷ உரிமையைச் சர்க்காரின் அனுமதியால் பெறுகிறது. இக்கட்டான காலத்தில் ரிசர்வ் வங்கியின் ஆதரவு அதற்கு உண்டு. பெருந்தொழில்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாகிப் பொதுத்துறை வங்கிகள் தள்ளாடியபோது, 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி ரூபாய்க்கு மூலதனம் சேர்க்கும் திட்டத்தைச் சர்க்கார் அறிவித்தது. வலியவரின் பிழையால் வந்த நஷ்டத்தை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம், பாட்டியின் நஷ்டம் மட்டும் பாட்டியோடு நிற்க வேண்டும் என்பதற்கு எந்த தர்ம சாஸ்திரத்திலும் ஆதாரம் காண முடியாது.

ஆகவே கட்டுப்பாடுகள் பழையபடி திரும்ப வேண்டும் என்பதோ யந்திரங்களை ஒதுக்க வேண்டும் என்பதோ முடிவாகாது. எவருக்கு முடிவெடுக்கும் சுதந்திரம் கூடுகிறதோ, தவறின் பாரத்திலும் அவருக்கே பெரும்பங்கு சேர வேண்டும் என்பதே ஏற்கத்தக்க நியதி. அதன்படி பார்த்தால், கடன் வட்டி ஏறும்போது சேமிப்பு வட்டியும் ஓரளவேனும் ஏற வேண்டும். ரேகை விழாத அன்றே வேறு வழியில் பணம் கொடுக்கும் கடமை மையத்துக்கு இருக்க வேண்டும். ஏமாந்தவரின் வயது, படிப்பு, பழக்கம் ஆகியவற்றை விசாரியாமல் அஜாக்கிரதை என்று முத்திரை குத்தக் கூடாது. ஒவ்வொரு கிளையிலும், யந்திரம் மறுத்ததை மறுபரிசீலனை செய்து தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தோடு ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும். இவற்றுக்குச் செலவாகும். நம்பிக் கொடுத்தவரின் பணத்தைக் கொண்டு லாபம் ஈட்டும் தொழிலில், அந்த நம்பிக்கையைக் காக்கும் செலவு முதற்செலவாக எழுதப்பட வேண்டியதே அல்லாமல், மிச்சமிருந்தால் பார்த்துக்கொள்ளும் செலவு ஆகாது.