வைரி மேல் ஒரு புகார்



போன ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து வலி இன்னும் போகவில்லை.

ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் புறா வளர்க்கிறார். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கர்ணப் புறாவுக்காகவும் பந்தயத்துக்கு விடும் ஹோமர் புறாவுக்காகவும் வேளைக்குச் சாப்பிடாமல் மாடியிலேயே கிடப்பவர்கள் அங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு.

அண்ணன் போன வாரம் போன் செய்தார். "தம்பி, இந்த வருசம் வைரி ஜாஸ்தியாயிட்ச்சு. நீதான் ரேடியோல பேசுறியே, இதப் பத்திப் பேசேன். கவர்மென்ட்டு எதுனா பண்ணட்டும்."

வேட்டையாடும் பறவை எதுவானாலும் புறாக்காரர்களுக்கு அது வைரிதான். வைரி என்றால் பகைவன் என்றும் பொருள் உண்டு. அவர்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. அண்ணன் சொன்ன வைரிக்குப் பறவை நூல்களில் பொரி வல்லூறு என்று பெயர். காக்கை அளவுதான் இருக்கும். சிலேட்டு நிற முதுகு, கன்னத்தில் கறுப்பு மீசை. பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். குளிர்காலத்தில் நம் கடற்கரைக்கு வருபவை சைபீரியாவின் வடகோடியிலிருந்து கிளம்பி வருகின்றன. பங்குனி வாக்கில் திரும்பிவிடும்.

சரி, பார்த்துவிட்டுப் பேசலாம் என்று காலை ஆறு மணிக்கே மாடியேறிவிட்டேன். ஒரு பக்கம் இராயப்பர் கோயில், ஒரு பக்கம் துறைமுகக் கிரேன்கள், காற்றில் காசிமேட்டு மீன் வாசனை. அண்ணன் கூண்டைத் திறந்து விசில் அடித்தார். இருபத்தொரு புறாக்கள் படபடவென்று கிளம்பி வட்டம் போட்டன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"புறாவப் பாக்காத தம்பி. அதுக்கு மேல பாரு."

மேலே ஒன்றுமில்லை. ஏழு மணி, எட்டு, ஒன்பது. அண்ணி இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "உனக்கும் பிடிச்சிடுச்சா இந்தப் பைத்தியம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்து மணி இருக்கும். அண்ணன் சட்டென்று எழுந்து நின்றார். "கூட்டம் கட்டுது பாரு."

அகலமாகச் சுற்றிக்கொண்டிருந்த புறாக்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி நெருங்கிவிட்டன. வெயில் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. பறந்து வரவில்லை, கல் மாதிரி விழுந்தது. துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அடுத்த கணம் புறாக்கள் திசைக்கொன்றாகச் சிதறின, அந்தப் புள்ளி வடக்கே எண்ணூர்ப் பக்கம் போய் மறைந்தது. எல்லாம் சேர்த்து மூன்று விநாடி. அதன் காலில் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றரைக்குள் இருபது புறாக்கள் திரும்பிவிட்டன. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று மட்டும் வரவில்லை. போன வருடம் ஓங்கோலில் விட்டு, வீடு வந்து சேர்ந்த புறா அது. "பூட்ச்சு" என்றார் அண்ணன். சாப்பாடு இறங்கவில்லை. "வைரி எங்க குந்தும்னு எனக்குத் தெரியும், வா" என்று ஸ்கூட்டரை எடுத்துவிட்டார்.

கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, திருவொற்றியூரில் கடல் அரிப்புக்குக் கொட்டியிருக்கும் கருங்கல்லை ஒட்டியே போய், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் நிறுத்தினார். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். எதிரே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கரையோர மின்கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தது நம்ம மீசைக்காரர். பாறை முகட்டில் வாழும் இனம். அதன் கண்ணுக்குக் கோபுரமும் ஒரு பாறைதான்.

கோபுரத்தடியில் ஒரு புறாவின் மிச்சம் கிடந்தது. இரண்டு இறக்கைகள், நடுவில் நெஞ்செலும்பு, பிரியாமல் சேர்ந்தபடி. சதை துளி இல்லை. எலும்பின் ஓரத்தில் அலகு கிள்ளிய தடம், பிஸ்கட்டைக் கடித்து வைத்த மாதிரி. அண்ணன் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் புரட்டினார். பந்தயப் புறாவுக்குக் குஞ்சிலேயே காலில் வளையம் மாட்டிவிடுவார்கள், வருடமும் எண்ணும் பொறித்தது. கால் கிடைத்தது. வளையம் இல்லை.

"ஊர்ப் புறா. நம்மளுது இல்ல."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தண்டையார்பேட்டையிலிருந்து இன்னொரு புறாக்காரர். "அண்ணே, சாம்பல் பெட்டை ஒண்ணு எங்க மாடியில எறங்கித் தண்ணி குடிச்சினு இருக்கு. வளைய நம்பர் பாத்தேன், உங்களுதுதானே?"

அண்ணன் போனைப் பையில் போட்டார். மேலே பார்த்தார். அது பாட்டுக்கு இறகு கோதிக்கொண்டிருந்தது. "ஸாரி நைனா" என்றார்.

திரும்பி வரும்போது அவருக்கு ஒரு கதை சொன்னேன். நடந்த கதை. 1960-ஐ ஒட்டி பிரிட்டனில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அரசாங்கத்திடம் இதே புகாரைத்தான் கொண்டுபோனார்கள். வல்லூறு பெருகிவிட்டது, எங்கள் புறாக்களைத் தின்று தீர்க்கிறது, அதற்குக் கொடுத்திருக்கும் சட்டப் பாதுகாப்பை எடுங்கள் என்று. சரி, எத்தனை இருக்கின்றன என்று பார்ப்போம் என டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளரின் தலைமையில் 1961-லும் 1962-லும் கணக்கெடுத்தார்கள். பார்த்தால் நிலைமை நேர்மாறு. வல்லூறு வேகமாக அழிந்துகொண்டிருந்தது. காரணம் டிடிடி முதலிய பூச்சிமருந்துகள். வயலில் தெளித்த விஷம் சிறு பறவைகள் வழியாக வல்லூறின் உடம்பில் சேர்ந்தது. முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்தது. இதை ராட்கிளிஃப் 1967-ல் எழுதினார். பல நாடுகள் டிடிடியைத் தடை செய்த பிறகு அந்தப் பறவை மறுபடி தலையெடுத்தது.

புறாக்காரர்கள் சொன்னது தப்பு. ஆனால் அவர்கள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வருடம் யாரும் போய் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஒருவர் புகார் சொன்னால் முதலில் அதில் ஓட்டை தேடுவோம். "இவருக்கு வேற வேலை இல்லை" என்று ஒதுக்குவோம். எண்ணூர் மீனவர்களையே பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இதே எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. கூழைக்கடாவின் இறகெல்லாம் கறுத்துப்போனது. மீனவர்கள் படகில் போய்க் கையாலேயே அள்ளினார்கள். அந்தத் தண்ணீரின் நிறம் மாறுவதை அவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் வலை அதில் கிடக்கிறது, அதனால் பார்க்கிறார்கள். அண்ணனின் புறா வானத்தில் இருக்கிறது, அதனால் அவர் மேலே பார்க்கிறார். காரணம் சொல்வதில் அவர்கள் தவறலாம். அதைக் கண்டுபிடிக்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அலுவலகங்கள் இருக்கின்றன. ஏதோ சரியில்லை என்பதை மட்டும் அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள்.

இன்று காலை உங்கள் தெருவில் ஒரு அம்மா, "பைப்புல தண்ணி நாறுதுப்பா" என்று சொன்னால், "உங்களுக்கு எப்பவும் இதே பாட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்தக் குடத்தை வாங்கி ஒருமுறை மோந்து பாருங்கள்.