வயிறு மறுக்கிற காலம்

சின்னமனூர்ப் பக்கம் கிடா வெட்டி விருந்து வைத்த வீட்டில், பந்தி எழுந்ததும் வந்து இறங்குவது சோடாப் பெட்டி. பன்னீர் சோடா, ஜிஞ்சர் சோடா, அது இல்லையென்றால் ஏதாவது ஒரு கலர். கறிக்குழம்பும் எலும்பு ரசமுமாக நிறைந்த வயிற்றில் ஒரு பாட்டிலை ஊற்றினால் ஒரு நிமிஷத்தில் ஏப்பம் வரும். 'செரிச்சிருச்சு' என்று எழுந்துவிடுவோம். வீரபாண்டி சித்திரைத் திருவிழா வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால், கூட்டத்தில் முதலில் எழும் குரல் 'சோடா வாங்கிட்டு வாங்கப்பா' என்பதுதான். மேடையில் பேசுகிறவருக்குத் தொண்டை வறண்டால் சோடா. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்ததும் பையனைக் கடைக்கு விரட்டி வாங்கிவரச் சொல்வது கலர். எங்கள் பள்ளத்தாக்கில் அது தாகத்துக்கான பானம் மட்டும் இல்லை. மருந்து, முதலுதவி, மரியாதை எல்லாம் அதுவே.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒருவர் எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை முடித்துத் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாளில், கூடாதவற்றின் வரிசையில் சோடா இருக்கும். இது எங்கோ பட்டணத்தில் பணக்காரருக்கு நடக்கிற சங்கதி என்று இனியும் சொல்ல முடியாது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடன் இருக்கிறார்கள். ஆண்களில் 37 பேர். சர்க்கரை நோய், மூட்டுவலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று எல்லாம் சேர்ந்து அழுத்தியபிறகு, வேறு வழி தெரியாமல் கத்திக்குச் சம்மதித்தவர்கள் நமது தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று பேசுகிற நாக்கு எனக்குப் பிடிப்பதில்லை. பட்டினி கிடந்தும், நடந்தும், பலமுறை முயன்று தோற்றபிறகு எடுக்கிற முடிவு அது.

அந்தக் கத்தி என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் சோடாவின் கதை புரியும். இன்று உலகில் அதிகம் செய்யப்படும் முறையில், இரைப்பையின் முக்கால் பங்கைத் தைத்து வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை போய், நம் ஊர் வாழைப்பழம் போன்ற ஒரு குழாய் மிஞ்சுகிறது. கொள்ளளவு 100 முதல் 150 மில்லி. வெட்டி எடுக்கும் பகுதியில்தான் இரைப்பையின் மேல்புறம் புடைத்திருக்கும் இடமும் சேர்ந்து போகிறது. அந்த இடத்துக்கு மூன்று வேலைகள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் அங்கே ஊறுகிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். உணவு இறங்க இறங்கத் தளர்ந்து இடம் கொடுப்பதும் அந்தப் பகுதியே. நாம் விழுங்குகிற காற்று போய்த் தங்குவதும் அங்கேதான். ஆக, பசி குறைகிறது, இடம் குறைகிறது, கூடவே வாயு ஒதுங்கி நிற்கும் மூலையும் இல்லாமல் போகிறது.

இனி பாட்டிலைத் திறப்போம். குளிர்ந்த நீரில் அழுத்திக் கரைத்த கரியமில வாயுதான் சோடா. சூடு ஏறினால் வாயு பிரிந்து வெளியேறும். நம் உடம்போ 37 டிகிரி. 300 மில்லி பாட்டிலுக்குள் கரைந்திருக்கும் வாயுவைத் தனியே பிரித்தால் முக்கால் லிட்டருக்குக் குறையாது. 150 மில்லி கொள்ளும் குழாய்க்குள் அதில் ஒரு பங்கு நுரைத்தால்கூட அது எங்கே போகும்? கீழ்வாசல் இறுக்கம். மேலே நெஞ்சுக்குழி. அதனால்தான் வலிக்கிறது.

இதிலேயே இன்னொன்றும் தெளிவாகிறது. நாம் செரிமானம் என்று நினைத்து மகிழ்ந்த ஏப்பம், கறி செரித்ததன் அடையாளமே இல்லை. குடித்த சோடாவின் வாயு, வந்த வழியே திரும்பிப் போகிற சத்தம் அது. இறுகிய வயிறு கொஞ்சம் தளர்வதால் சுகம் தெரிவது உண்மைதான். ஆனால் கறி கரைய அதற்குப் பிறகும் மணிக்கணக்காகும். 1767இல் ஜோசப் பிரீஸ்ட்லி இங்கிலாந்தில் ஒரு மது வடிக்கும் ஆலைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இந்த வாயுவை ஏற்றிய நாளிலிருந்து, சோடாவை மருந்து என்றே உலகம் நம்பி வந்தது. 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற கோலி பாட்டிலோடு அந்த நம்பிக்கையும் கப்பலேறி வந்து நம் பெட்டிக்கடைகளில் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் மதினி மதுரையில் அறுவைச் சிகிச்சை முடித்து, சில மாதம் கழித்து ஒரு காதுகுத்துக்குச் சின்னமனூர் வந்திருந்தார். மொச்சைக்குழம்பில் இரண்டு வாய்ச் சோறு, கொஞ்சம் ஈரல், அவ்வளவுதான் சாப்பாடு. அடுத்த இலையில் இருந்த சின்னம்மா விடவில்லை.

"ஒரு மடக்கு குடி தாயி, சாப்பிட்டது இறங்கும்."

"வேணாம் சின்னம்மா. எனக்குச் சேராது."

"சோடா சேராத வயிறு எங்கயாச்சும் இருக்கா? சும்மா குடி, ஏப்பம் வந்தா சரியாப் போகும்."

பெரியவரின் கையைத் தட்டிவிட முடியாமல் மதினி ஒரு மடக்குக் குடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வலது கை தானாக நெஞ்செலும்பின் நடுவே போய் அழுந்தியது. மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக அரும்பியது. வாயில் எச்சில் ஊறி ஊறி வர, அவர் சுவரோரம் சாய்ந்து, மூச்சை அரையரையாக இழுத்துக்கொண்டிருந்தார். வாயு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சின்னம்மா பதறிப்போய் முந்தானையால் விசிறினார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. வெகுநேரம் கழித்து ஒரு ஏப்பம் வந்தது. யாரும் 'செரிச்சிருச்சு' என்று சொல்லவில்லை.

அன்று வயிறு மறுத்தது. அதை நான் ஒரு கொடை என்றே நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த மறுப்பு நிலைப்பதில்லை. தையல் ஆறும், வீக்கம் வடியும். பலருக்குச் சில மாதத்திலோ ஒரு வருஷத்திலோ சோடா மெல்ல மெல்லச் சேர ஆரம்பிக்கும். மறு வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அதே மதினி அரை பாட்டில் கலரைக் குடித்துவிட்டு, "இப்பல்லாம் ஒண்ணும் செய்யலை தம்பி" என்று சிரித்தார். வலியில் சுவரோரம் சாய்ந்திருந்தபோது வராத கவலை எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது வந்தது.

சோடா குடித்தால் வெட்டிய இரைப்பை மறுபடி விரிந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. நெஞ்செரிச்சல் கூடுவது வேண்டுமானால் பலர் அனுபவித்தது. பெரிய ஆபத்து வாயுவில் இல்லை, அதோடு கரைந்திருப்பதில் இருக்கிறது. இனிப்புக் கலர் 300 மில்லியில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை. ஒரு நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று 2015இலேயே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இரண்டு இட்லிக்கே நிறைந்துவிடுகிற வயிறு, கலரைத் தடுக்காது. திரவம் நிற்காமல் இறங்கிப்போகும். சிறுகுடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸ் முறை செய்துகொண்டவர்களில் பலருக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேகமாகக் குடலில் கொட்டிப் படபடப்பும் வியர்வையும் பேதியும் வரும். அந்த உடம்பு கொஞ்சமாவது சத்தம் போடுகிறது. சத்தம் போடாத உடம்புக்கு எடை ஓசையில்லாமல் திரும்ப ஏறுகிறது.

2017 மார்ச் 1 முதல் அயல்நாட்டுக் கோலாக்களை விற்கமாட்டோம் என்று தமிழக வணிகர்கள் அறிவித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ மறுபடி கடை முகப்புக்கு வந்தது. ஊர்க்காரன் பிழைக்கட்டும் என்று வாங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெட்டுப்பட்ட வயிற்றுக்கு உள்ளூர், வெளியூர் தெரியாது. சர்க்கரை எங்கே செய்தாலும் சர்க்கரைதான்.

சேர்கிறதா என்று வயிற்றைக் கேட்டு, அது சும்மா இருந்தால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்கிறோம். வலித்தபோது நாம் விலகி நின்றது நம்முடைய கட்டுப்பாடா, வயிற்றின் கட்டுப்பாடா? வலி போன மறுநாள்தான் அது தெரியவரும். மருத்துவர்கள் பசியைக் குறைத்துத் தரலாம், இடத்தைச் சுருக்கித் தரலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் பொறுப்பை வயிறு சில மாதம் நமக்காகச் சுமந்துவிட்டு நம் கையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்தச் சில மாதத்துக்குள் மனம் அந்தச் சொல்லைப் பழகியிருந்தால் பிழைத்தோம். இது அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்கு மட்டும் உள்ள நிலைமையா என்று யோசித்துப் பார்க்கிறேன். உடம்பு பொறுத்துக்கொள்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாம் எல்லோருமே எத்தனையை உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்!

ஆனாலும் அந்தப் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையில் வைத்துவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. பூலாநந்தீஸ்வரர் கோயிலுக்கு வந்தவர்கள், மேகமலைக்குப் போகும் வழியில் வீட்டில் இறங்கியவர்கள் என்று விருந்தாளிகளுக்குக் குறைவில்லாத ஊர் இது. மறுப்பவரை மூன்று முறை வற்புறுத்தினால்தான் உபசாரம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். சின்னம்மா பாட்டிலை நீட்டியதும் பாசத்தில்தான். அந்தப் பாசத்துக்கு இன்னொரு பாத்திரம் கிடைக்காமலா போகும்? சர்க்கரை போடாத நீர்மோர் இருக்கிறது, சீரகத் தண்ணீர் இருக்கிறது. சிறு டம்ளரில், மெல்ல மெல்லக் குடிக்கிற மாதிரி, சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்போ பின்போ கொடுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் கலர் வேண்டாம் என்றால், தயவுசெய்து இரண்டாவது முறை கேட்காதீர்கள்.