தீ மூட்டியவர் யார்?

காட்டோரத்தில் தீப்பற்றினால், "தீ வைத்தவன் யார்?" என்று கேட்பது உலக வழக்கம். பொந்தியான் வட்டாரத்து மண்ணின் இயல்பை அறிந்தோர்க்கு இக்கேள்வி மட்டும் போதாது.

மேற்கு ஜொகூரின் தாழ்நிலங்களில் ஒரு பகுதி, மலாய் மொழியில் 'காம்புட்' எனப்படும் கரிமண்ணாகும். சதுப்புக் காட்டின் இலையும் கிளையும் வேரும் நீரில் அமிழ்ந்து, முற்றும் மக்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து உருவான மண் அது. நீர் நிறைந்திருக்கும்வரை அதில் எளிதில் தீப்பற்றாது. நீரை வடித்துவிட்டாலோ மண்ணே விறகாகிவிடும். மேலே அணைந்த தீ உள்ளே புகைந்து, சில நாள் கழித்து வேறோரிடத்தில் தலைகாட்டும்.

நீரை வடித்தோர் தீயோர் அல்லர். அன்னாசிக்கும் ரப்பருக்கும், பின்னர்ச் செம்பனைக்கும் கால்வாய் வெட்டிப் பிழைக்க முயன்றவர்கள். அங்குள்ள சிற்றூர்கள் பல, கால்வாயைக் குறிக்கும் 'பாரிட்' என்னும் சொல்லையே பெயரில் தாங்கி நிற்கின்றன. பெக்கான் நானாஸ் அன்னாசியாலேயே பெயர் பெற்றது. அவ்வாறாயின், வாழ்வதற்காகச் செய்த செயல் தீங்காக விளையும்போது அதற்குப் பொறுப்பாளர் யார்?

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், பிற்காலத் திருத்தங்களின்படி, திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. நிலத்தை வைத்திருப்பவரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. ஆயினும் நிலத்துக்கு எல்லைக்கல் உண்டு. நீருக்கும் புகைக்கும் அது இல்லை. ஒருவர் ஆழமாக வெட்டிய கால்வாய் அடுத்துள்ள காட்டின் நீரையும் உறிஞ்சிவிடுகிறது. 2013 ஜூன் 23இல் மூவாரிலும் லெடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, அங்கே சூழ்ந்திருந்த புகை சுமத்திராவிலிருந்து கடல் கடந்து வந்ததாகும்.

"எல்லாரும் பொறுப்பு என்றால் எவரும் பொறுப்பல்லர்" என்பார் உளர். அவர் கூற்றைப் புறந்தள்ளல் இயலாது. ஆனால், குற்றம் வேறு, கடமை வேறு. குற்றம் தீக்குச்சியைக் கிழித்த கையைச் சேர்வது. கடமையோ உலர்ந்த நிலத்தால் பயன்பெறும் அனைவரையும் சேர்வது. அதுவும் அவரவர் பயனுக்கும் ஆற்றலுக்கும் ஏற்பவே அமைதல் வேண்டும். ஓரிரு ஏக்கர் அன்னாசி பயிரிடுபவர் தனித்து மதகு கட்ட இயலாது. பெருந்தோட்டத்துக்கும் அரசுக்கும் அது இயலும். சிறு விவசாயி குப்பைக்கு வைத்த நெருப்பை மட்டும் தண்டித்துவிட்டு, கால்வாய்களைத் திறந்தபடியே விட்டுவிடுவது நீதியாகாது.

வறட்சி வருமுன்னரே கால்வாயை அடைத்து நீரைத் தேக்குதல், தீ எழுந்தபின் ஓடுவதினும் மேலான அறம். அதற்குப் பாராட்டுக் கிடைப்பது அரிது. எரியாத காட்டைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. ஆயினும், காட்டோரம் வாழும் குழந்தைகளின் மூச்சு அந்தப் பணியை நம்பியே இருக்கிறது.