மருந்து தரும் அமைதி

சேலத்துத் தறிக்கூடங்களிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் உழைப்போர் மனச்சோர்வை ஒரு நோயெனக் கொள்வதில்லை. "மனசு சரியில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விசுவாசிகளாகிய நாமோ ஒருபடி மேலே சென்று, செபிக்கத் தெரிந்தவனுக்கு மாத்திரை எதற்கு என்றும் கேட்டுவிடுகிறோம்.

இக்கேள்வி இன்று புதிய வடிவம் பெற்றுள்ளது. கெட்டமின் என்பது 1962-இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட மயக்க மருந்து. அறுவை சிகிச்சைக் கூடங்களில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருவது. உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் வீதம் நாற்பது நிமிடம் துளித்துளியாக ஏற்றினால் மனச்சோர்வு சில மணி நேரத்திலேயே தளரத் தொடங்குவதை, 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சிறியதோர் ஆய்வு காட்டிற்று. பின்னர் சிலர் இதனோடு உளவியல் உரையாடலையும் இணைத்தனர்.

அந்நேரத்தில் உடல் கனமற்றுப் போவதாகவும், தம் வாழ்வையே தொலைவில் நின்று காண்பதாகவும் நோயாளிகள் கூறுகின்றனர். ஒளியைக் கண்டோம், இறைவனைக் கண்டோம் என்போரும் உண்டு. அஞ்சி நடுங்கியோரும் உண்டு.

வேதனையை மருந்தால் தணிக்கலாமா என்பதற்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 பிப்ரவரி 24 அன்று மயக்க மருந்து மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையிலேயே தெளிவான விடையளித்துவிட்டார்: தணிக்கலாம். கல்வாரியில் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் மறுத்தார் என்பது மெய்யே. ஆயினும் அது அவர் தமக்காகச் செய்த தெரிவு. நோயுற்ற எவருக்கும் அவர் அதைக் கட்டளையாக்கவில்லை.

கடினமான கேள்வி வேறு. மருந்தால் வந்த அமைதி மெய்யானதா? பொருள் வழியே வந்தது என்பதனாலேயே அது பொய்யாகிவிடாது; பிறவிக் குருடனின் கண்ணில் ஆண்டவர் பூசியது சேறுதான். அதற்காக ஊசி மருந்தை அருளடையாளமாக்கிவிடவும் வேண்டாம். ஆறுதலின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றையும் சோதித்தறியச் சொன்னார் புனித இஞ்ஞாசியார். நாற்பது நிமிடத்தில் கண்ட ஒளியைவிட, மறுவாரம் அம்மனிதன் பிள்ளைகளோடு அமர்ந்து உண்கிறானா, பகைத்த தம்பியிடம் பேசினானா என்பதே நமக்கு அளவுகோல். அடுத்த ஊசிக்கான ஏக்கம் மட்டுமே எஞ்சினால் முடிவு கெட்டுவிட்டது. இம்மருந்துக்கு அடிமையாவோர் உண்டு, அதனால் சிறுநீர்ப்பை கெட்டோரும் உண்டு. நம் அரசு 2013-இல் இதன் விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது காரணமின்றியன்று.

ஒருமுறை ஏற்றியதன் பலன் பெரும்பாலும் சில நாள்களில், ஒரு வாரத்திற்குள் மங்கும். இரவில் சாவை எண்ணிக் கிடந்தவனுக்கு அச்சில நாள்கள் சிறிய காலமல்ல. பேசவே இயலாதிருந்தவன் அப்போது பேசுவான். கேட்க ஒருவர் வேண்டும். சிகிச்சை நாளன்று நோயாளியைத் தனியே வீட்டுக்கு அனுப்புவதில்லை, துணைக்கு ஒருவர் வந்தாக வேண்டும் என்பது மருத்துவர் வழக்கம். துணைக்கு ஆளில்லாத வீடுகள் நம் பங்குகளில் எத்தனை என்பதை அன்பியக் கூட்டங்களில் கேட்டறியலாம்.