பதிவேட்டில் எழுதிய பெயர்

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில், மெல்போர்ன் நகரில் வாழும் என் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் குழந்தையின் பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருந்தனவாம். முதற்கட்டத்தை நிரப்பிவிட்டார்கள். இரண்டாவதில்தான் மூன்று நாளாய் வழக்கு. கணவன் தன் பெயரையே எழுதலாம் என்கிறான். வந்தவாசிப் பக்கத்திலிருந்து மாமனார் ‘ஜெயின்’ என்று போடச் சொல்கிறார். இவளுக்கோ ‘நயினார்’ என்று எழுத ஆசை.

“இதில் எது பாட்டி உண்மையான பெயர்?” என்று கேட்டாள்.

எது நல்ல பெயர், எது வசதியான பெயர் என்று கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். உண்மையான பெயர் என்றாள். வாய்மையை அணுவிரதமாகக் கொண்ட குடியிற் பிறந்த பெண் அச்சொல்லை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. இரண்டு நாள் பொறு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நயினார் என்பது தலைவர், ஐயா என்னும் பொருளில் வழங்கிய மதிப்புச் சொல். நம் மக்களுக்கு அது பட்டமாயிற்று; பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் போன்ற பெரியோர்களால் நூலுலகும் அதனை அறிந்தது. ஆயினும் அது நமக்கே உரிய தனிச்சொத்தா என்றால், இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு மொழிப் பேராசிரியராய் விளங்கி, தென்னிந்தியாவைப் பற்றி அரபு நிலநூலார் அறிந்திருந்தவற்றை ஆராய்ந்து 1942இல் நூல் வெளியிட்டவர் முகமது உசைன் நயினார் என்னும் இசுலாமியப் பெருமகன். திருநெல்வேலிச் சீமையிலோ நயினார் என்பது பட்டமாகவன்றி, ஆண் குழந்தைக்கு இடும் பெயராகவே உள்ளது. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஆடவர் பெயர்க்குப் பின் வருவது. என் தந்தையார்க்கு வந்த அஞ்சலட்டைகளிலெல்லாம் அது இருந்தது. எனக்கு வந்த ஒரு கடிதத்திலும் இருந்ததில்லை. ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழில் என் பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்து. ஓய்வூதியப் புத்தகத்தில் கணவரின் முதலெழுத்து. இவ்விரண்டு எழுத்துகளுக்கிடையில்தான் என் வாழ்நாள் கழிந்திருக்கிறது.

‘ஜெயின்’ என்பதோ சமயத்தின் பெயர். வடநாட்டவர் பலர் அதனைக் குடும்பப் பெயராகக் கொண்டனர்; நகரங்களில் வாழும் நம்மவர் சிலரும் அவ்வழியிற் சென்றனர். கென்யாவிலும் இங்கிலாந்திலும் வாழும் குசராத்திச் சமணருள் மிகப் பலர் ‘ஷா’ என்று எழுதுவர். அது பாரசீக மன்னர் பட்டமன்று, ‘சாது’ என்னும் சொல்வழி வந்த வணிகர் பட்டம் என்பர். கேட்கும் அயலார்க்கு இரண்டும் ஒன்றே.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை என்று வகுப்பில் பல்லாண்டு சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அது சரியே. நம் திருவானைக்காவில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமனை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையார் பெயர் சந்திரசேகர ஐயர். மகனோ தம் சொந்தப் பெயராலேயே உலகறியப்பட்டார். ‘இராமன் விளைவு’ என்பதில் உள்ளது குலப்பெயரன்று. அவர் அண்ணன் மகன், 1983இல் நோபல் பரிசு பெற்ற விண்ணியலறிஞர் சந்திரசேகர், அமெரிக்காவில் வாழ்ந்தவர். அங்கு அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராயிற்று. மனைவியார் லலிதா சந்திரசேகர் ஆனார். பெரியப்பா, சித்தப்பா, மகன் என்று எவரை எடுத்தாலும் நம்மிடம் பெயர் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. 1929இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்த பின், இருந்த சிறு வால்களும் உதிரலாயின.

ஆனால் இந்தக் கட்டத்தை என் பேத்திக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே எதிர்கொண்ட தமிழர்கள் உண்டு. ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதுமுதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மூவரில் இருவர் சென்னை மாகாணத்தவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். அதனருகில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம். கூலிகளோ பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். எழுதியவர்க்கோ தமிழ்ப் பெயர் பிடிபடவில்லை. காதில் விழுந்ததை எழுதினார்கள்.

அப்பதிவேடுகளிலிருந்தும், பின்னர் வந்த திருமண, பிறப்புப் பதிவுகளிலிருந்தும் இன்றைய தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் குடும்பப் பெயர்கள் முளைத்தன. முதலியார் என்பது ‘மூட்லி’ ஆயிற்று. படையாட்சி ‘படையாச்சி’ ஆயிற்று. ‘கோவெண்டர்’ என்பது கவுண்டர் என்பதன் திரிபு என்று பெரும்பாலோர் கருதுவர். பட்டம் இல்லாதவர்க்குத் தகப்பன் பெயரே நிலைத்தது. முனுசாமி ‘முன்சாமி’ ஆகித் தலைமுறை தலைமுறையாய்த் தொடர்கிறார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட குவாதலூப்புத் தீவிலோ முத்துசாமி ‘மூத்துசாமி’ ஆனார். அமெரிக்க டென்னிசு வீரர் ஆர்தர் ஆஷ் என்பவரின் மனைவியார், சிகாகோவிற் பிறந்த புகைப்படக் கலைஞர், அக்குடும்பப் பெயரைத் தாங்கியவர். யாரோ ஒரு முத்துசாமி கப்பலேறிய கதை அவர் பெயரில் இருக்கிறது. அந்த முத்துசாமியின் ஊரும் தாயும் அதில் இல்லை.

காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் ஒரு செய்தி சொல்கிறார். தமிழர் பெயர்கள் பலவும் ‘சாமி’ என்று முடிவதைக் கண்ட வெள்ளையர், இந்தியக் கூலிகள் அனைவரையுமே இழிவாகச் ‘சாமி’ என்று அழைத்தனராம். சிலர் சிரித்துக்கொண்டே, ‘அச்சொல்லுக்கு எசமானன் என்று பொருள், நான் உங்கள் எசமானன் அல்லவே’ என்று திருப்பிச் சொன்னார்களாம்.

இனி அறக்கேள்விக்கு வருகிறேன். அந்நாட்டில் பட்டம் பெற்ற அனைவரும் ஊரில் அப்பட்டம் உடையவராய் இருந்தவர் அல்லர். ஒப்பந்தம் முடிந்து தோட்டத்தை விட்டு வெளியேறியபின், ஊரில் தம்மைத் தாழ்த்தி வைத்திருந்த பெயரை உதறி வேறொரு பட்டத்தை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு என ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். இது பொய்யா? கண்டிப்பாகப் பொய்யே என்பாரும் நம்மில் இருப்பர். நானும் நாற்பது வயதில் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இன்று எனக்கு அவ்வளவு துணிவில்லை. பிறப்பால் ஏற்படும் உயர்வு தாழ்வுகளைக் கோத்திர கருமத்தின் விளைவு என்றும், உடலும் உருவும் அமைவதை நாம கருமத்தின் விளைவு என்றும் நம் நூல்கள் கூறும். இரண்டும் அகாதி வினைகளைச் சேர்ந்தவை. உயிரின் இயல்பான அறிவையும் காட்சியையும் மறைக்க வல்லவை அல்ல. குலமதமும் சாதிமதமும் எண்வகை மதங்களுள் அடங்கும் என்று சிறு வயதிலேயே நமக்குக் கற்பித்தார்கள். அப்படியிருக்க, ஒருவன் தலையில் ஊரார் ஏற்றிய தாழ்ந்த பெயர் மட்டும் எவ்வாறு அவனுடைய ‘உண்மை’ ஆகும்? அவன் அதனைக் கப்பல் தளத்தில் விட்டுச் சென்றதைப் பொய்யென்று பழிக்குமுன், அதனை அவனுக்கு இட்டவர்களின் வாய்மையையும் ஒருகால் விசாரித்தல் வேண்டும். உயர்ந்த பட்டத்தை எடுத்துக்கொண்டதிலும் குலமதம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கலாம். ஊரில் உள்ளவர்களிடம் இருந்ததை விடக் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

அப்பெயர்கள் அங்கே என்ன ஆயின என்பதையும் பார்க்க வேண்டும். 1909இல் சிறைக் கொடுமையால் உயிர்நீத்த இளைஞர் சாமி நாகப்பன் படையாட்சி. 1914 பிப்ரவரியில் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து மறைந்த வள்ளியம்மை, முனுசாமி முதலியாரின் மகள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அப்பெண்ணை நாம் பெற்றோர் வழி ஊரால் ‘தில்லையாடி’ வள்ளியம்மை என்கிறோம். அந்த ஊரில் அவள் வாழ்ந்தவளே அல்லள். நிறவெறி ஆட்சியை எதிர்த்து ராபன் தீவுச் சிறையில் இருந்த ஸ்திரீனி மூட்லி 2006இல் காலமானார். டர்பனில் 1941இல் பிறந்து, 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையராக இருந்தவர் நவநீதம் பிள்ளை என்னும் அம்மையார். நம் ஊரில் பெண்ணொருத்தி தன் பெயர்க்குப் பின் ‘பிள்ளை’ என்று எழுதக் கண்டதுண்டா? கணவர் வழி வந்த அப்பெயர் அங்கு வெறும் குடும்பப் பெயராகிவிட்டது. அதன் எழுத்துக்கூட்டலே இப்போது வேறு நாட்டின் அடையாளம். பெர்த்திலோ இலண்டனிலோ ஒரு மூட்லியைச் சந்தித்தால் அவர் தம் ஊர் டர்பன் என்பார். காஞ்சிபுரம் என்று சொல்லமாட்டார்.

இவ்வளவும் படித்து எழுதி வைத்துக்கொண்டு பேத்திக்கு விடை சொல்ல உட்கார்ந்தபோது, வேறொரு பதிவேடு நினைவுக்கு வந்தது. அது நான் எழுதியது.

1974 ஜூன் மாதம். தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்புச் சேர்க்கை என் பொறுப்பு. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவரின் மனைவி ஐந்து வயதுப் பையனோடு வந்தாள். பெயர் என்ன என்றேன். “பிச்சை” என்றாள். முன்னே பிறந்த இரண்டும் தங்காமல் போகவே, இவனைத் தவிட்டுக்கு விற்று வாங்கி, நான்கு வீட்டில் அரிசி இரந்து இட்ட பெயர் அது. அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் ‘பிரகாஷ்’ என்று எழுதிவிட்டேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள் அம்மா, இது நல்ல பெயர் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள். அன்று மாலை நான் மிகுந்த மனநிறைவோடு வீடு திரும்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்திலிருந்தே எங்களுக்கு அது ஒரு தொண்டு போலத் தோன்றியது. குப்பம்மாள்களையும் மண்ணாங்கட்டிகளையும் திருத்தி எழுதிய ஆசிரியை நான் ஒருத்தி மட்டுமல்லள்.

2022இல் தென்னூர் உழவர் சந்தையில் ஐம்பது வயது கடந்த ஒருவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டு, “டீச்சர், பிச்சை” என்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. “நீங்க வச்ச பேரு பிரகாஷ்” என்றார். வளைகுடா நாட்டில் பல்லாண்டு உழைத்துத் திரும்பியிருந்தார். தாய் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்குச் சென்றபோது, வீட்டுப் பத்திரத்திலும் பழைய குடும்ப அட்டையிலும் பிச்சை என்று இருந்ததாம். சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பிரகாஷ். அந்தத் தாய்க்கு இந்த மகன்தான் மகன் என்று மெய்ப்பிக்க ஏழு மாதம் அலைந்தாராம். “அம்மா சாகிற வரைக்கும் பிச்சைன்னுதான் கூப்பிட்டாங்க டீச்சர்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, கனடாவில் உள்ள தம் மகனுக்கும் பேரனுக்கும் இப்போது குடும்பப் பெயரே பிரகாஷ்தான் என்றார். குறை சொல்லும் குரலில் அவர் பேசவில்லை. முருங்கைக்கீரைக் கட்டு இரண்டை என் பையில் வைத்துவிட்டுப் போனார்.

நேட்டால் துறைமுகத்தில் காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாவாவது தெரியாமல் எழுதினார். நான் தெரிந்தே எழுதினேன். பிச்சை என்னும் சொல் எனக்கு இழிவாய்த் தோன்றியது. துறவியர்க்கு உணவிடும் குடியிற் பிறந்தும், கையேந்திப் பெற்றதைக் காப்பதற்கு ஒரு தாய் கண்ட சொல் அது என்று எனக்குத் தோன்றவில்லை. கூகுள் நிறுவனத்துக்கு 2015 முதல் தலைமை வகிக்கும் மதுரைப் பிறப்பினர் சுந்தர் பிச்சையின் பெயரைச் செய்தியிற் கேட்கும்போதெல்லாம், என் பேனா அன்று சற்றுத் தாமதித்திருக்கலாகாதா என்று எண்ணுகிறேன். கவனமின்மையால் விளையும் துன்பத்தையும் இம்சை என்றே நம் ஆகமம் கணக்கில் எழுதும். பெயர் பொய்யா மெய்யா என்பதற்குமுன், அதனைத் தாங்கப் போகிறவரையோ பெற்றவளையோ கேட்டு எழுதினோமா என்பது வருகிறது என்று இப்போது நினைக்கிறேன். தோட்டத்தை விட்டு வந்தவன் தனக்குத் தானே இட்டுக்கொண்ட பட்டத்துக்கும், நான் பிறன் மகனுக்கு இட்ட பெயருக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

மூன்றாம் நாள் பேத்தியை அழைத்தேன். எது உண்மையான பெயர் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை என்றேன். பிச்சையின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, “அப்படியானால் நம் வீட்டில் யார் யார் என்னென்ன பெயரோடு இருந்தார்கள் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றாள். எனக்குத் தெரிந்த ஐந்து தலைமுறையைச் சொன்னேன். ஆண்கள் பெயரெல்லாம் எளிதில் வந்தன. பெண்கள் மூவரின் பெயர் நினைவுக்கு வர, திண்டிவனத்தில் உள்ள என் அத்தை மகளை அழைத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஒருத்தியின் பெயர் அவளுக்கும் தெரியவில்லை. ‘அப்பாண்டையார் தாய்’ என்றே எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் படிவத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். இரண்டாம் கட்டத்தில் நயினார் என்று இருந்தது. கணவன் தானே எழுதினானாம். மாமனார்க்கு இன்னும் சிறு வருத்தம் உண்டு. எங்கள் குடியில் அப்பட்டத்தைப் பெயரிற் கொண்ட முதற்பெண் அவள். குழந்தைகள் காப்பகத்தில் அவளை ‘நேனர்’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளாம்.