வண்டி ஏறிய ஓவியம்

ஓவியர் ஒருவர் தம் கையால் வண்ணம் தீட்டிய மோட்டார் வண்டியைச் சாலையில் ஓட்டலாமா? விளையாட்டாகக் கேட்கப்படும் வினாப்போல் இது தோன்றும். ஆயினும், ஆழ்ந்து நோக்குவார்க்கு இதனுள் ஓர் அறச்சிக்கல் அடங்கியிருப்பது விளங்கும். ஓட்டினால், மழையும் வெயிலும் வண்ணத்தைத் தின்னும். கல்லும் சேறும் கோடுகளைச் சிதைக்கும். ஓட்டாமல் பூட்டி வைத்தாலோ, வண்டி தன் பயனை இழந்து வெறும் இரும்பாகும். இவ்விரண்டனுள் எது பெருந்தீங்கு?

1962ஆம் ஆண்டில் சந்தியாகோ கியேன், அந்தோனியோ வெசியானா என்னும் ஸ்பெயின் நாட்டு மாணவர் இருவர் வெஸ்பா ஸ்கூட்டரில் உலகைச் சுற்றிவர முனைந்தனர். குளவியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லே அவ்வண்டிக்குப் பெயராயிற்று. அப்பயணத்தை ஒட்டி அவர்கள் தம் நாட்டின் புகழ்பெற்ற ஓவியர் சால்வடோர் டாலியைக் கண்டனர். அவர் தம் பெயரையும் தம் மனைவி காலாவின் பெயரையும் வண்டியின் உடலில் எழுதி அணிசெய்தார். மாணவர்கள் அதனைப் பூட்டி வைக்கவில்லை; 79 நாளில் உலகைச் சுற்றி வந்தனர். இன்று அவ்வண்டி இத்தாலியின் பொந்தெதேரா நகரிலுள்ள பியாஜியோ அருங்காட்சியகத்தில் ஓய்வுகொள்கிறது.

1975இல் மற்றொன்று நிகழ்ந்தது. பாரிஸ் நகரில் கலைப்பொருள்களை ஏலமிடும் தொழிலினரான எர்வே புலேன், பந்தயக் கார் ஒன்றிற்கு ஓவியம் வகுக்குமாறு அலெக்சாண்டர் கால்டரை வேண்டினார். கால்டர் அசையும் சிற்பங்களால் புகழ்பெற்றவர். அந்தக் கார் லெமான் நகரின் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிற்று. பொறிப்பழுதால் இடையில் நின்றும்போயிற்று. அதனை ஓட்டியவருள் புலேனும் ஒருவர். கலைப்பொருளின் விலையை நாள்தோறும் மதிப்பிடும் ஒருவரே அதனை அத்தகைய இடருக்கு உட்படுத்தினார் என்பது சிந்திக்கத் தக்கது. 1979இல் ஆண்டி வார்ஹால், அரைமணி நேரத்திற்குள் தம் கையாலேயே ஒரு காருக்கு வண்ணம் பூசினார். அதுவும் அதே பந்தயத்தில் ஓடி ஆறாவதாக வந்தது.

இச்செயல்களை மடமை என்பார் உளர். கலைப்படைப்பு வாங்கியவர்க்கு மட்டும் உரியதன்று. இனிப் பிறப்பவர்க்கும் உரியது. ஆகவே அதனைத் தேயவிடும் உரிமை எவர்க்கும் இல்லை என்பது அவர் வாதம். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. பொந்தெதேராவில் காத்து வைத்திராவிடில், அந்த வெஸ்பாவை நாம் கதையாக மட்டுமே கேட்டிருப்போம். எனினும், ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே நாம் காப்பது கலையையா, கையொப்பத்தையா? பெயரறியா இளைஞன் ஒருவன் அவ்வண்டியை அதனினும் அழகுற அணிசெய்திருப்பின், அதற்கு அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்திருக்குமா?

இவ்வினாவிற்கு விடைகாண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலேசியத் தீவக்கரையின் கிழக்குக் கடலோரத்தில், கிளந்தானிலும் திரங்கானுவிலும், மீனவர் தம் மரப்படகுகளைச் செதுக்கியும் தீட்டியும் அணிசெய்தனர். இறக்கிய பாய்மரத்தைத் தாங்கும் முன்கட்டைக்குப் பாங்காவ் என்று பெயர். மலாய்மொழியில் அது கொக்கைக் குறிக்கும். அதில் பறவையும் நாகமும், இராமகாதையை ஆடிக்காட்டும் நிழற்கூத்தின் உருவங்களும் இடம்பெற்றன. அவற்றின் கீழ்க் கையொப்பம் இல்லை. உப்புநீர் வண்ணத்தைத் தின்றது. மீனவர் மீண்டும் தீட்டினர். வண்ணம் அழிந்தது, தீட்டும் திறனோ தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்று வாழ்ந்தது.

இயந்திரப் படகும் கண்ணாடியிழைப் படகும் வந்தபின் பாய்மரத்திற்கு வேலை இல்லாது போயிற்று, பாங்காவும் அருகிற்று. எஞ்சியவற்றுள் சில இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் வண்ணம் இனித் தேயாது. ஆயினும் அவற்றைச் செய்த கைகள் குறைந்துவிட்டன.

ஆகவே, காத்தல் என்பது இருவகைப்படும். பொருளைக் காத்தல் ஒன்று. பொருளைப் படைக்கும் கையைக் காத்தல் மற்றொன்று. முன்னதற்குக் கண்ணாடிப் பேழை போதும். பின்னதற்குப் பயன்பாடு வேண்டும், தேய்வும் வேண்டும், தேய்ந்ததை மீண்டும் தீட்ட ஆளும் வேண்டும். முன்னதை மட்டும் செய்துவிட்டுக் கலையைக் காத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வதே பெருந்தீங்கு.

முதலில் எழுப்பிய வினாவிற்கு என் விடை இது: ஓட்டலாம். ஓடுவதற்கென அமைந்த பொருளின்மேல் ஓவியம் தீட்டியவர், ஓட்டத்தையும் அதன் தேய்வையும் ஏற்றுக்கொண்டே தீட்டினார். ஓடி முடித்தபின் அதனைப் பேணலாம், அது நன்றியுடைமை. ஆனால், மாணவரை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், பேழைக்குள் இருப்பதைக் காட்டுவதோடு அமையாது, திரும்பியதும் அவர்கள் கையில் ஒரு தூரிகையையும் தருவாராக.